வண்டி ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் வில்லாக வளைகிறது: சரிவா, சர்வோவா, காந்தமா?

தேயிலைத்தூறு | நவம்பர் 16, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஜனவரியில் கோவையில் நடக்கவிருக்கும் ஒரு ரோபோ போட்டிக்காக நாங்கள் மூன்று பேர் தானாக ஓடும் வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மேடு பள்ளமான வெளியில் நான்கு ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிடுவார்கள். அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் அரை மணி நேரம் முன்னதாகக் கையில் கிடைக்கும். யாரும் தொடாமல் வண்டி தானே போய் ஒவ்வொரு கூம்பையும் மெல்ல முட்ட வேண்டும். சியாட்டில் ரோபோட்டிக்ஸ் சங்கத்தின் ரோபோமாகெல்லன் போட்டியைப் பார்த்து வகுத்த விதிகள் இவை.

வண்டி, கடையில் ரிமோட் காராக விற்கும் பத்தில் ஒரு பங்கு அளவு அடிச்சட்டம். நான்கு சக்கரமும் இழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புவது சர்வோ என்ற சிறு மோட்டார். மேலே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, ஜிபிஎஸ், திசைகாட்டி சிப், ஒரு கேமரா, முன்னால் ஒலி அலையால் தூரம் அளக்கும் உணரி. சோதனை செய்வது கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில். வடக்கே தைலமரங்கள், கிழக்கே தேயிலை. மைதானம் என்று பெயர்தானே தவிர, கிழக்கு நோக்கிப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சரிந்திருக்கும்.

வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைக்கு 40 மீட்டர் ஓடவிடுகிறோம். கூம்பை எப்படியோ அடைந்துவிடுகிறது. ஆனால் நேராகப் போவதில்லை. இடப்பக்கம், அதாவது தேயிலைப் பக்கம், வில் போல வளைந்து போய்த்தான் சேர்கிறது. இன்று பத்து ஓட்டத்தில் பத்தும் அப்படியே. நடுவில் ஒரு மரம் இருந்தால் கதை முடிந்தது. என்ன காரணமாக இருக்கும்?

குந்தா மூடுபனி | நவம்பர் 16, இரவு 9.58

தம்பி, பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்துக்கே நம் மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் தேவைப்படுகிறது. உங்கள் மைதானம் பத்துக்கு ஒன்று. அதில் ஈரப்புல். வண்டி கீழ்ப்பக்கம் வழுக்காமல் மேலேயா வழுக்கும்? சரிவுதான். கேஸ் முடிந்தது.

பழைய சாலிடர் | நவம்பர் 16, இரவு 10.20

நாற்பது வருடம் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவன் சொல்கிறேன். திசைகாட்டி சிப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மோட்டாருக்குப் பக்கத்திலா? மோட்டாருக்குள் இருப்பது காந்தம். அதன் கம்பியில் பத்து, பதினைந்து ஆம்பியர் ஓடும்போது அதுவும் ஒரு காந்தம். பூமியின் காந்தம் இவற்றின் முன் பூனைக்குட்டி. சிப்பை ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் குழாயின் மேல் ஏற்றுங்கள். பித்தளைத் திருகு போடுங்கள், இரும்பு கூடாது.

தேயிலைத்தூறு | நவம்பர் 16, இரவு 10.31

ஐயா, மோட்டாரிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில்தான் இருக்கிறது. குழாய் தேடுகிறேன்.

கூம்புக்காரி | நவம்பர் 17, காலை 6.15

குழாய் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம். இந்த மாதிரிப் போட்டிகளில் மூன்று வருடம் நடுவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் தெரியாமலேயே நான்கு மாற்றங்களை ஒரே நாளில் செய்து, வளைவு போன பிறகு எதனால் போனது என்று தெரியாமல் விழிக்கும் அணிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எதையும் தொடாதீர்கள். அதே வண்டியைத் தெற்கிலிருந்து வடக்கே திருப்பி ஓட்டுங்கள். அவ்வளவுதான்.

காரணம் சரிவு என்றால், திரும்பி வரும்போதும் வண்டி தேயிலைப் பக்கமே சாயும். அப்போது அது வண்டிக்கு வலப்பக்கம். மோட்டார் காந்தம் என்றாலும் அப்படித்தான்: வண்டியோடு ஒட்டிய காந்தம் ஒரு திசையில் இடப்பக்கம் ஏமாற்றினால், நேர் எதிர்த் திசையில் வலப்பக்கம் ஏமாற்றும். இரண்டு முறையும் வண்டியின் இடப்பக்கமே வளைந்தால் மேலே உள்ள இரண்டு தீர்ப்புகளும் தள்ளுபடி.

பாதையை ஜிபிஎஸ் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். மலிவு ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் அலையும். தரையில் அளக்க வேண்டும்.

தேயிலைத்தூறு | நவம்பர் 17, மாலை 6.50

அக்கா, செய்துவிட்டோம். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத்தூளைத் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு வண்டியின் பின்னால் கவிழ்த்துக் கட்டினோம். அழகாகக் கோடு விழுந்தது. இரு கூம்புகளுக்கும் இடையே கயிறு கட்டி, டேப்பால் அளந்தோம்.

வடக்கிலிருந்து தெற்கே ஐந்து ஓட்டம்: கயிற்றிலிருந்து அதிகபட்ச விலகல் சராசரியாக 5 மீட்டர், இடப்பக்கம், சரிவில் கீழே.

தெற்கிலிருந்து வடக்கே ஐந்து ஓட்டம்: சராசரியாக 3 மீட்டர். இதுவும் இடப்பக்கம். அதாவது மேட்டுப் பக்கம்! வண்டி சரிவை எதிர்த்து மேலே ஏறிப் போய் வளைந்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குந்தா மூடுபனி | நவம்பர் 17, மாலை 7.05

வழக்கை மறுபடியும் எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடுகிறேன்.

சைன் தீட்டா | நவம்பர் 17, இரவு 8.30

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். இந்த 5, 3 என்ற இரண்டு எண்களும் அருமையானவை. கூட்டிப் பாதியாக்கினால் 4. அது வண்டி கூடவே சுமந்துகொண்டு போகும் பிழை. கழித்துப் பாதியாக்கினால் 1. அது சரிவின் பங்கு. ஆக, குந்தாக்காரர் முழுக்கத் தவறில்லை, ஐந்தில் ஒரு பங்கு சரி.

ஒரு கேள்வி: அந்த அதிகபட்ச விலகல் எந்த இடத்தில்? நடுவிலா, தொடக்கத்திலா, முடிவிலா?

தேயிலைத்தூறு | நவம்பர் 17, இரவு 8.42

நடுவில் இல்லை சார். புறப்பட்ட இடத்திலிருந்து 25 மீட்டர் பக்கத்தில். போகும்போதும் வரும்போதும்.

சைன் தீட்டா | நவம்பர் 17, இரவு 9.55

நினைத்தது சரி. ஒருவன் கூம்பைப் பார்த்து நடக்கிறான், ஆனால் எப்போதும் கூம்புக்கு இடப்பக்கம் ஒரே கோண அளவு தள்ளியே கால் வைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் ஒவ்வொரு கணமும் கூம்பின் திசையைப் புதிதாகச் சொல்வதால் அவன் கூம்பைத் தவறவிட மாட்டான். சுருள் போல வளைந்து வந்து சேருவான். விளக்கை நோக்கி வரும் விட்டில்பூச்சியின் பாதை என்று பாடத்தில் காட்டுவோமே, அதுதான். அந்த வளைவில் விலகல் உச்சமாவது பாதி தூரத்தில் இல்லை, பாதியைத் தாண்டித்தான். 40 மீட்டருக்கு 4 மீட்டர் விலகல் என்றால் கோணப் பிழை பதினான்கு, பதினைந்து டிகிரி. அந்தக் கோணத்துக்கு உச்சம் 25 மீட்டர் அருகில் வரவேண்டும். வந்திருக்கிறது.

எனவே தேட வேண்டியது, எந்தத் திசையில் போனாலும் மாறாத 14 டிகிரி பொய்யை.

பழைய சாலிடர் | நவம்பர் 17, இரவு 10.10

அப்படியானால் சர்வோ. ஸ்டியரிங் நடுப்புள்ளி இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. (காந்தம் தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சிப்பைக் குழாயில் ஏற்றத்தான் வேண்டும். இன்று இல்லாவிட்டால் நாளை அது கடிக்கும்.)

கூம்புக்காரி | நவம்பர் 18, காலை 6.05

சர்வோவாகவும் இருக்கலாம், திசை சொல்லும் இடத்தில் பிழையாகவும் இருக்கலாம். பாதையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டுமே ஒரே சுருளைத்தான் போடும். பிரிக்க ஒரு வழி உண்டு: வண்டி என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். பதிவுக் கோப்பில் "போக வேண்டிய திசை கழித்தல் போகும் திசை" என்ற எண் இருக்கும். ஓட்டம் முழுவதும் அது ஒரு பக்கமாகவே நின்றால், வண்டிக்குத் தன் தவறு தெரிகிறது, சக்கரம்தான் ஒத்துழைக்கவில்லை: சர்வோ. அந்த எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், வண்டி நேராகப் போவதாக நம்பிக்கொண்டே கோணலாகப் போகிறது. அப்போது திசை சொல்லும் இடத்தில் பொய்.

தேயிலைத்தூறு | நவம்பர் 18, இரவு 9.20

பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது அக்கா. வண்டி வேகமாகப் போகும்போது ஜிபிஎஸ் தானாகச் சொல்லும் பயணத் திசையையும் திசைகாட்டி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லா ஓட்டங்களிலும் திசைகாட்டி சுமார் 14 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது.

பிறகு நிரலைத் திறந்தோம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. திசைகாட்டிப் பகுதியை நாங்கள் எழுதவில்லை, கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர் பொதுவில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டோம். அதில் நான்காவது வரியில், காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று 13 டிகிரி கூட்டியிருக்கிறார். அது அவர் ஊர்க் கணக்கு!

சைன் தீட்டா | நவம்பர் 18, இரவு 9.34

காந்த ஒதுக்கம்! பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறதே. சென்னைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல், மேற்குப் பக்கம் என்று போட்டிருப்பார்கள். நீலகிரிக்கும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், மேற்கு. அங்கே கிழக்கே 13, இங்கே மேற்கே ஒன்றரை. இரண்டும் சேர்ந்து பதினான்கரை. நாம் சுண்ணாம்பில் அளந்த அதே கோணம். வெகு நாள் கழித்து ஒரு கணக்கு என்னைச் சிரிக்கவைத்தது.

குந்தா மூடுபனி | நவம்பர் 18, இரவு 9.41

ஆக, வண்டி இத்தனை நாளும் தான் கலிபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கோத்தகிரியில் ஓடியிருக்கிறது. நம் ஊரிலிருந்து போனவர்கள் சிலர் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்.

தேயிலைத்தூறு | நவம்பர் 23, மாலை 5.30

எண்ணை மாற்றினோம். இப்போது போகும்போதும் வரும்போதும் ஒரு மீட்டர்தான் விலகல், இரண்டு முறையும் தேயிலைப் பக்கம். சார் சொன்ன சரிவின் பங்கு. சிப்பும் குழாயில் ஏறிவிட்டது ஐயா.

ஆனால் புதிதாக மூன்று தொல்லைகள். ஒன்று, ஏற்றம் வந்தால் வண்டி எதிரே சுவர் இருப்பதாக நினைத்து நின்றுவிடுகிறது. இரண்டு, சக்கரம் கல்லில் மாட்டினால் கணினி அணைந்து மறுபடி எழுகிறது. மூன்று, எங்கள் அத்தை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் ஆரஞ்சு நிறத் தார்ப்பாய் கட்டியிருந்தார். பத்து மீட்டர் தூரத்திலிருந்து அவரைக் கூம்பு என்று நினைத்து வண்டி துரத்திக்கொண்டு போனது. அவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சாலிடர் | நவம்பர் 23, மாலை 6.40

இரண்டாவது என் துறை. ஸ்டியரிங் சர்வோவுக்கும் கணினிக்கும் ஒரே 5 வோல்ட் இணைப்பிலிருந்து கொடுத்திருப்பீர்கள். சக்கரம் மாட்டிக்கொண்டால் சர்வோ திணறி மின்சாரத்தை உறிஞ்சும், மின்னழுத்தம் இறங்கும், கணினி மயங்கி விழும். சர்வோவுக்கு, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். தரைக் கம்பி மட்டும் பொதுவாக இருக்கட்டும். கம்பியை வெறுமனே செருகிவைக்கும் பிரெட்போர்டு பலகையில் எதையும் விட்டுவைக்காதீர்கள், மலைத் தரையின் குலுக்கலில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். சாலிடர் வையுங்கள், சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள், கம்பியை அடிச்சட்டத்தோடு கட்டுங்கள்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழிக் காலையில் குளிர்ந்த லித்தியம் பேட்டரி முழு பலம் தராது. ஓட்டுவதற்கு முன் ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

கூம்புக்காரி | நவம்பர் 24, காலை 6.20

அத்தைக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். கேமராவை எப்போதும் ஆரஞ்சு தேடவிட்டதுதான் தவறு. கூம்பு இருக்கும் புள்ளிக்கு ஐந்து, ஆறு மீட்டருக்குள் வந்துவிட்டதாக ஜிபிஎஸ் சொன்ன பிறகே கேமராவைக் கேளுங்கள். நிறத்தோடு உருவத்தையும் பாருங்கள்: கீழே அகலம், மேலே குறுகல். மூடுபனியில் ஆரஞ்சு வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும், கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை அதை இன்னும் குழப்பும். அதை அணைத்துவிடுங்கள். நிறத்தின் வகையை மாற்றாமல், அடர்த்தியின் கீழ் வரம்பை மட்டும் தளர்த்துங்கள்.

ஏற்றம் சுவராகத் தெரிவது பழைய, பெரிய பிரச்சினை. உணரி தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். எதிரே 20 டிகிரி ஏற்றம் தொடங்கினால், ஏற்றத்தின் அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு "சுவர்" தெரியும். இறக்கத்திலிருந்து சமதரைக்கு வரும்போதும் அப்படியே. மூக்கு 10 டிகிரி கீழே குனிந்தாலே 86 சென்டிமீட்டரில் வெறும் தரை தடையாகத் தெரியும். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான தர்பா, தானாக ஓடும் வண்டிகளுக்கு நடத்திய போட்டியை 2005இல் மொஹாவி பாலைவனத்தில் வென்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி வண்டி, கூரையில் ஐந்து லேசர்களை வைத்துக்கொண்டு இதோடுதான் மல்லுக்கட்டியது. வண்டி எவ்வளவு குனிந்திருக்கிறது என்பதில் சிறு தவறு நேர்ந்தாலும் இல்லாத தடை முளைக்கும். உங்களிடம் சாய்வு அளக்கும் சிப் இருக்கிறதல்லவா? குனிந்த கோணத்துக்குத் தரை எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்தில் வரும் பதிலைப் புறக்கணியுங்கள். எதிர் ஏற்றத்துக்கு அது உதவாது, அதற்கு இரண்டாவது உணரியை ஒரு சாண் மேலே வைத்து ஒப்பிடுங்கள். சுவர் என்றால் இரண்டும் ஒரே தூரம் சொல்லும். ஏற்றம் என்றால் மேலே இருப்பது அதிக தூரம் சொல்லும்.

தேயிலைத்தூறு | நவம்பர் 24, காலை 7.10

அந்தப் போட்டியில் எல்லா வண்டிகளும் ஓடி முடித்தனவா அக்கா?

கூம்புக்காரி | நவம்பர் 24, காலை 7.45

2005இல் 212 கிலோமீட்டரை ஐந்து வண்டிகள் முடித்தன. ஸ்டான்லிக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. முந்தைய ஆண்டு, 2004 மார்ச்சில், ஒன்றுகூட முடிக்கவில்லை. மிக அதிக தூரம் போன கார்னகி மெலனின் சாண்ட்ஸ்டார்ம் 12 கிலோமீட்டரைத் தொடவில்லை, ஒரு கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டது. கல்லட்டிப் பாதையில் இறங்கியவர்களுக்கு அந்த வலி புரியும்.

அதே 2004இல் தானாக ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றும் வந்தது, கோஸ்ட்ரைடர் என்று பெயர். புறப்பட்ட இடத்திலேயே சாய்ந்து விழுந்தது. நிலைநிறுத்தும் நிரலை இயக்கிவிட மறந்துவிட்டார்கள். எனவே தாளில் பட்டியல் எழுதுங்கள், ஒருவர் படிக்க ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் வேண்டாம், தாளில்.

அவசர நிறுத்தப் பொத்தான் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. சிவப்புக் காளான் பொத்தான், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக அறுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் கணினிக்குச் செய்தி போய், கணினி மோட்டாரை நிறுத்தும் என்ற ஏற்பாட்டோடு வந்தால் நான் களத்தில் விடமாட்டேன். கணினி உறைந்துபோயிருக்கும் நேரத்தில்தானே பொத்தான் தேவைப்படும்.

பழைய சாலிடர் | நவம்பர் 24, காலை 8.02

அப்படிச் சொல்லுங்கள் அம்மா.

குந்தா மூடுபனி | நவம்பர் 24, காலை 8.30

ஒரே ஒரு உருப்படியான யோசனை என்னிடமும் உண்டு. மாலை ஐந்துக்கு மேல் தேயிலை ஓரத்தில் சோதனை வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் கரடி இறங்கும் நேரம். காட்டெருமையாவது பார்த்துவிட்டு ஒதுங்கிப்போகும். கரடிக்கு அவசர நிறுத்தப் பொத்தான் கிடையாது.

தேயிலைத்தூறு | டிசம்பர் 14, இரவு 8.15

மூன்று வாரமாக இங்கே வர முடியவில்லை. வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்தை விடவில்லை, மைதானம் சேறு. இன்றுதான் வெயில் அடித்தது.

காளான் பொத்தான் போட்டாகிவிட்டது. ரிமோட் சமிக்ஞை அறுந்தாலும் ரிலே என்ற மின்சுவிட்ச் விழுந்து மோட்டார் நின்றுவிடும். சர்வோவுக்குத் தனி ரெகுலேட்டர். உணரி இரண்டு. ஏற்றத்தில் இப்போது நிற்பதில்லை. தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் இரு பக்கத் தூறுகளையும் தடை என்று எண்ணி ஆமை போல ஊர்கிறது. அது போட்டியில் வராது என்பதால் விட்டுவிட்டோம்.

நான்கு கூம்பு ஓட்டம் ஆறு முறை செய்தோம். நான்கு முறை நான்கையும் தொட்டது. ஒரு முறை தைலமரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் அலைந்து, கூம்பைச் சுற்றிச் சுற்றி வந்து நேரம் தீர்ந்துபோனது. ஒரு முறை என் நண்பன் பேட்டரியைச் செருக மறந்துவிட்டான். தாளில் பட்டியல் இருந்தது. படித்தவனும் அவனே, தொட்டுப் பார்த்தவனும் அவனே.

கூம்புக்காரி | டிசம்பர் 14, இரவு 8.40

மரத்தடிக்கு: ஜிபிஎஸ் கொடுக்கும் துல்லிய அளவு மோசமாகும்போது அதை நம்புவதைக் குறைத்து, சக்கரச் சுற்றுகளையும் திசைகாட்டியையும் நம்பிப் போகச் சொல்லுங்கள். பத்து மீட்டர் வரை தாங்கும். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கும் தவறும், அதனால் மெதுவாகப் போகட்டும். அங்கேயும் கூம்பு தெரியவில்லை என்றால் சுற்றிச் சுற்றி வராமல், ஒரு இடத்தில் நின்று கேமராவைத் திருப்பிப் பார்க்கட்டும்.

கோவை மைதானம் காய்ந்த செம்மண். கேமராவுக்கு அதுவும் ஆரஞ்சாகத்தான் தெரியும். ஒரு நாள் முன்னதாக வந்து நிற வரம்பை அங்கேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

சைன் தீட்டா | டிசம்பர் 14, இரவு 9.10

அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் இங்கே போடுங்கள். என் வகுப்பில் காட்ட வேண்டும்.

தேயிலைத்தூறு | டிசம்பர் 14, இரவு 9.25

படம் இருக்கிறது சார், நாளை போடுகிறேன். இன்னொரு உதவி: கூம்புகள் இரண்டை மாமா சாலை வேலை நடக்கும் இடத்திலிருந்து கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். மண் சரிந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று இன்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் யாரிடமாவது ஒரு முழம் உயரக் கூம்பு இரண்டு இருந்தால், ஜனவரி முதல் வாரம் வரை இரவல் வேண்டும்.

பழைய சாலிடர் | டிசம்பர் 14, இரவு 9.33

குன்னூரில் என் கடை மாடியில் ஒன்று இருக்கிறது. நுனி உடைந்தது. வந்து எடுத்துக்கொள். சிப்பைக் குழாயில் எப்படி ஏற்றினாய் என்று வண்டியையும் கொண்டுவந்து காட்டு.